செலவில்லாமல் யூடியூப் சேனலை வளர்த்தல்: அறிகுறியிலிருந்து பழுதைத் தேடும் வழிமுறை

"சேனல் வளரவே மாட்டேன் என்கிறது" என்ற புகாரோடு வருபவர்கள் பெரும்பாலும் தினம் ஒரு காணொளி போட்டுப் பார்த்து, உறவினர்களையெல்லாம் சந்தா சேரச் சொல்லிப் பார்த்து, ஹேஷ்டேக்குகளை வரிசைவரிசையாக அடுக்கிப் பார்த்து, எதுவும் பலிக்காத நிலையில்தான் வருகிறார்கள். இத்தனை முயற்சிக்கும் நடுவே யூடியூப் ஸ்டூடியோவின் (சேனல் உரிமையாளருக்கான நிர்வாகத் தளம்) அனலிட்டிக்ஸ் என்ற புள்ளிவிவரப் பக்கத்தை நிதானமாகத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. விளம்பரத்துக்குப் பணம் கட்டாமல் வளர நினைப்பவர் முதலில் உட்கார வேண்டிய இடம் அதுதான்.

காணொளி ஒருவர் கண்ணில் பட வேண்டும். பட்டதை அவர் தொட வேண்டும். தொட்டவர் தங்க வேண்டும். தங்கியவர் மறுபடி வர வேண்டும். இந்த நான்கில் எது அறுந்திருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்ற மூன்றைச் செப்பனிடுவதில் பயனில்லை. கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் சேனலின் அறிகுறி எது என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து நிமிடத்தில் சரியாகும் காரணம் முதலிலும், மாதக்கணக்கில் உழைப்பைக் கேட்கும் காரணம் கடைசியிலும் வரும்; பணம் செலவழிக்காதவருக்கு நேரம்தான் செலவு என்பதால் வரிசை அப்படி அமைந்திருக்கிறது. சமையல், விவசாயம், போட்டித் தேர்வுப் பாடம், ஊர் சுற்றல் போன்ற சிறிய தமிழ்ச் சேனல்களையே இங்கு மனத்தில் வைத்திருக்கிறேன்.

எந்தப் பகுதிக்குப் போவது என்று தெரியாதவர்களுக்கு

ஸ்டூடியோவில் அண்மைக் காணொளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூன்று எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: இம்ப்ரெஷன் எண்ணிக்கை (காணொளியின் முகப்புப் படம் எத்தனை முறை காட்டப்பட்டது), அதற்கான கிளிக் விகிதம் (காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் தொடப்பட்டது), சராசரிப் பார்வை நேரம். ஒரே ஒரு காணொளியை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பத்துக் காணொளிகளாவது தாளில் வந்த பிறகுதான் எது வழக்கம், எது விதிவிலக்கு என்பது புலப்படும். இம்ப்ரெஷனே இல்லையென்றால் முதல் அறிகுறிக்குச் செல்லுங்கள். இம்ப்ரெஷன் இருந்து கிளிக் இல்லையென்றால் இரண்டாவது. கிளிக் இருந்து பார்வை நேரம் இல்லையென்றால் மூன்றாவது. மூன்றும் நன்றாக இருந்தும் சந்தாதாரர் சேரவில்லையென்றால் நான்காவது.

அறிகுறி 1: காணொளி யாருக்கும் காட்டப்படுவதே இல்லை

முதலில் பூட்டுகளைப் பாருங்கள். ஸ்டூடியோவின் கன்டென்ட் பட்டியலில் ஒவ்வொரு காணொளிக்கும் நேராக அது பப்ளிக்கா (எல்லோருக்கும்), அன்லிஸ்டட்டா (இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்), பிரைவேட்டா (நீங்கள் அனுமதித்தவர்களுக்கு மட்டும்) என்று எழுதியிருக்கும். அன்லிஸ்டட் என்று வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பெற்றவர்கள் மட்டும் பார்ப்பதை வைத்து "வெளியாட்கள் யாரும் வரவில்லை" என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அதே வரிசையில் ரிஸ்டிரிக்‌ஷன்ஸ் என்ற பத்தியில் காப்புரிமைக் குறிப்போ வயதுக் கட்டுப்பாடோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னணியில் திரைப்படப் பாடல் ஓடினால், உரிமையாளரின் விருப்பப்படி சில நாடுகளில் அந்தக் காணொளி முழுமையாகத் தடுக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது 'குழந்தைகளுக்கானது' என்ற அமைப்பு. 2020 ஜனவரி முதல் ஒவ்வொரு காணொளிக்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். குழந்தைகளும் பார்க்கலாம் என்ற நல்லெண்ணத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டால் கருத்துப் பெட்டி மூடப்படும், பெல் அறிவிப்பு போகாது, எண்ட் ஸ்கிரீன் (முடிவில் வேறு காணொளிகளைக் காட்டும் திரை) வராது, பிளேலிஸ்ட்டில் சேமிக்க முடியாது. பள்ளிக்கு மதிய உணவு கட்டிக் கொடுப்பது பற்றிய சமையல் காணொளி தாய்மார்களுக்கானது, குழந்தைகளுக்கானது ஆகாது. ஆனால், உண்மையிலேயே மழலைப் பாடல் போடுபவர் பார்வைக்காக இதை மாற்றிக் குறிக்கக் கூடாது. சட்டப் பொறுப்பு சேனல் உரிமையாளருடையது.

பூட்டு எதுவும் இல்லையென்றால் உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, கணக்கில் நுழையாமல், காணொளியின் முழுத் தலைப்பையும் தேடுங்கள். தலைப்பை எழுத்துக்கு எழுத்து தட்டினால் வருகிறது, ஆனால் மக்கள் இயல்பாகத் தேடும் சொற்களில் வரவில்லை என்றால் பழுது சொற்களில் இருக்கிறது. தேடல் பெட்டியில் உங்கள் பொருளின் முதல் சொல்லை மட்டும் தட்டிவிட்டு, கீழே தானாக விரியும் பரிந்துரைகளைப் படியுங்கள். காசு கொடுத்து வாங்கும் கருவிகளின் பட்டியலைவிட அது நம்பத் தகுந்தது. தமிழர்களில் மிகப் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. குழம்பின் ழகரத்தை ஒருவர் இரண்டு எழுத்தால் குறிப்பார், இன்னொருவர் லகரத்துக்கு உரியதையே போட்டுவிடுவார். தலைப்பைத் தமிழில் வைத்து, விவரக் குறிப்பின் முதல் இரண்டு வரிகளில் இந்த எழுத்து வேறுபாடுகளை இயல்பான வாக்கியமாக எழுதிவிடுவது போதுமானது. டேக் பெட்டியை நிரப்புவதில் மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். எழுத்துப் பிழையோடு தேடப்படும் சொற்களுக்குத் தவிர அதற்குப் பெரிய பங்கில்லை என்று யூடியூபே சொல்கிறது. ஹேஷ்டேக் 60க்கு மேல் போனாலோ அத்தனையும் புறக்கணிக்கப்படும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இம்ப்ரெஷன் எழவில்லையென்றால், செலவு கூடிய காரணத்துக்கு வருகிறோம். திங்களன்று மீன் குழம்பு, புதனன்று கோயில் திருவிழா, வெள்ளியன்று கைப்பேசி விமர்சனம் என்று ஒரே சேனலில் எல்லாம் போகிறதா? மீன் குழம்புக்காக வந்தவர் கைப்பேசிக் காணொளியைக் கண்டும் தொடாமல் கடக்கிறார். அப்படிக் கடப்பவர்கள் பெருகப் பெருக, அடுத்ததை யாருக்குக் காட்டுவது என்பது யூடியூபுக்கே தெளிவில்லாமல் போகிறது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அடுத்த பத்துப் பதினைந்து காணொளிகளை அதிலேயே நிறுத்துங்கள். பழையவற்றை அழிக்கத் தேவையில்லை. இரண்டு பொருள்களையும் விட மனமில்லையென்றால் இரண்டாவது சேனல் தொடங்குவதற்கும் பணம் கேட்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் உழைக்க ஒரே ஆள்தான் இருக்கிறார் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: காட்டப்படுகிறது, ஆனால் யாரும் தொடுவதில்லை

இந்தப் பகுதியைப் படிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. யூடியூபில் உள்ள சேனல்களிலும் காணொளிகளிலும் பாதிக்கு, இம்ப்ரெஷன் கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்பது அந்த நிறுவனமே தரும் கணக்கு. எனவே 4 சதவீதத்தைக் கண்டு பதற வேண்டாம். மேலும், காணொளி பரவலாகக் காட்டப்படத் தொடங்கும்போது உங்களை அறியாதவர்கள் கண்ணிலும் படுவதால் விகிதம் இறங்குவது இயல்பு. இம்ப்ரெஷன் ஏறி, விகிதம் மெல்ல இறங்கினால் அது பழுதில்லை. இம்ப்ரெஷனும் ஏறாமல் விகிதமும் தரையில் கிடந்தால்தான் பழுது.

தம்ப்நெயிலை, அதாவது காணொளியின் முகப்புப் படத்தை, கணினியின் பெரிய திரையில் பார்த்துத் திருப்தியடைவதுதான் அடிக்கடி கண்ணில் படும் குறை. வத்தக்குழம்புக் காணொளி ஒன்றின் தம்ப்நெயிலை எடுத்துக்கொள்வோம். கறுத்த மண்சட்டி, அதற்குள் கருஞ்சிவப்புக் குழம்பு, பின்னால் கறுப்புக் கல் பதித்த சமையல் மேடை. மேலே இடப்பக்கம் சேனலின் முத்திரை, நடுவில் சிவப்பு வட்டமும் அம்பும், கீழே வலப்பக்கம் மஞ்சள் எழுத்தில் 'பாட்டி கைப்பக்குவம்'. கைப்பேசியில் பார்த்தால் சட்டி இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடுகிறது. காணொளியின் நீளத்தைக் காட்டும் சிறிய பெட்டி எப்போதும் வலது கீழ் மூலையில் அமர்வதால் 'கைப்பக்குவம்' என்ற சொல்லின் பின்பாதி அதற்கு அடியில் மறைந்து போகிறது. அந்தப் படத்தில் பார்ப்பவருக்கு மிஞ்சுவது அம்பு மட்டுமே.

இதைத் திருத்த மென்பொருளோ வடிவமைப்பாளரோ வேண்டாம். காலை வெயில் படும் ஜன்னலோரம் தட்டை வைத்து, வெள்ளைச் சோற்றின் மேல் குழம்பு ஊற்றியிருப்பதை மேலிருந்து ஒரு படம் எடுத்தாலே சிவப்பும் வெள்ளையும் பிரிந்து தெரியும். எழுத்து மூன்று நான்கு சொற்களைத் தாண்டக் கூடாது; அவையும் இடப்பக்கத்திலோ மேல்பாதியிலோ இருக்கட்டும். சேனல் முத்திரை தம்ப்நெயிலில் தேவையே இல்லை, ஏனென்றால் அது பக்கத்திலேயே வட்டமாகத் தெரிகிறது. சோதனை எளிது: படத்தைக் கைப்பேசியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்து, வீட்டில் உள்ள ஒருவரிடம் "இது என்ன?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் படத்தை மாற்றுங்கள். சொந்தத் தம்ப்நெயில் ஏற்றும் வசதியே வரவில்லையென்றால் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்காமல் விட்டிருப்பீர்கள்.

அடுத்தது தலைப்பு. நூறு எழுத்துக்குறிகள் வரை அனுமதி உண்டென்றாலும் தமிழ் எழுத்துகள் அகலம் கூடியவை. கைப்பேசியில் இரண்டு வரிக்குள் அடங்காதது துண்டிக்கப்பட்டுவிடும். "ஆஹா என்ன ருசி! ஒரு முறை இப்படிச் செய்து பாருங்க, திரும்பத் திரும்பக் கேட்பாங்க" என்ற தலைப்பில் எந்தப் பண்டம் என்பதே இல்லை. "தேங்காய் சேர்க்காத வத்தக்குழம்பு, ஒரு வாரம் கெடாது" என்பதில் பண்டமும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. உண்மையிலேயே கெடாமல் இருந்தால் மட்டும் அப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; தலைப்பில் பொய் சொன்னால் கிளிக் விகிதம் ஏறி, பழுது அடுத்த அறிகுறிக்கு இடம் மாறுவதுதான் மிச்சம்.

எது நன்றாக இருக்கிறது என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால் ஸ்டூடியோவின் டெஸ்ட் அண்ட் கம்பேர் வசதியில் மூன்று தம்ப்நெயில் வரை ஒரே காணொளிக்குப் போட்டுவிடலாம். கணினியில் செய்ய வேண்டிய வேலை இது. மேம்பட்ட வசதிகள் திறக்கப்பட்டிருக்க வேண்டும். கிளிக்கை மட்டும் பார்க்காமல், எந்தப் படத்தின் வழியே வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து முடிவு சொல்வதால் மிகைப்படுத்திய படங்கள் இதில் தோற்றுவிடுவது நல்ல அம்சம்.

படமும் தலைப்பும் திருந்திய பிறகும் அசையவில்லையென்றால் பொருளே மற்றவர்கள் ஆயிரம் முறை சொன்னதாக இருக்கலாம். அப்போது மாற்ற வேண்டியது அடுத்த காணொளியின் தேர்வை. கருத்துப் பெட்டியில் யாராவது கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குவதே மலிவான வழி.

அறிகுறி 3: தொடுகிறார்கள், ஆனால் உடனே போய்விடுகிறார்கள்

எந்த விநாடியில் எத்தனை பேர் மீதம் இருக்கிறார்கள் என்று காட்டும் ஆடியன்ஸ் ரிடென்ஷன் என்ற வரைபடத்தைத் திறந்து, முதல் 30 விநாடி முடியும்போது எத்தனை சதவீதம் பேர் மீதம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ்ச் சேனல்களில் நான் காணும் வீழ்ச்சிகளில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. தொடக்கம் இப்படித்தான் இருக்கும்: முதல் பன்னிரண்டு விநாடி பின்னால் வரப்போகும் காட்சிகளின் துண்டுகள், அடுத்து முரசொலியோடு சுழன்று வரும் சேனல் முத்திரை, அதன் பிறகு "வணக்கம் உறவுகளே", இன்று வானிலை, சென்ற காணொளிக்குக் கிடைத்த ஆதரவுக்கு நன்றி, புதியவர்கள் சப்ஸ்கிரைப் செய்து பக்கத்திலுள்ள பெல்லை அழுத்த வேண்டிய அவசியம். குழம்புக்குப் புளியை ஊறவைக்கும் முன்பே ஒரு நிமிடம் ஓடியிருக்கும், வரைபடம் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கியிருக்கும்.

இதில் மகிழ்ச்சியான செய்தி ஒன்று உண்டு: ஏற்கெனவே வெளியிட்ட காணொளியையும் ஸ்டூடியோவில் உள்ள எடிட்டரில் திறந்து வேண்டாத பகுதியை வெட்டிவிடலாம். இணைப்பு மாறாது, பார்வை எண்ணிக்கை போகாது, கருத்துகளும் அப்படியே இருக்கும். பழைய காணொளிகளில் நன்றாக ஓடுவனவற்றைத் தேர்ந்து முதல் நிமிடத்தை மட்டும் வெட்டிப் பார்ப்பது, புதிதாக ஒன்று எடுப்பதைவிடப் பல நேரங்களில் பயன் தரும் வேலை. இனி எடுப்பவற்றில் முதல் வாக்கியமே தலைப்பில் கொடுத்த வாக்குறுதியைத் தொட்டுத் தொடங்கட்டும். வணக்கம் சொல்லக் கூடாது என்பதில்லை. வணக்கம் ஒரு சொல்லாக இருந்தால் போதும்.

இரண்டாவது சந்தேகம் ஒலியின் மேல் விழ வேண்டும். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்பவர்கள் எதிரொலிக்கும் குரலைப் பொறுப்பதில்லை. டைல்ஸ் பதித்த வெறுமையான கூடத்தில் நின்று பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். துணி அடுக்கிய பீரோவும் மெத்தையும் உள்ள படுக்கையறையில் அதே குரல் தெளிவாக விழும். சமையலறையிலேயே பேச வேண்டியிருந்தால் மின்விசிறியையும் புகைபோக்கியையும் நிறுத்திவிட்டு, கைப்பேசியோடு வந்த கம்பி இயர்போனின் மைக்கைக் கழுத்துப் பட்டையருகே பொருத்திப் பேசுங்கள். அல்லது காட்சியை முதலில் எடுத்துவிட்டு, குரலைப் பிறகு படுக்கையறையில் பதிவுசெய்து சேருங்கள். சோதிக்கும்போது இயர்போனில் கேட்காதீர்கள். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில், பாதி ஒலியில், பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடும்போது கேட்டுப் பாருங்கள். உங்கள் பார்வையாளர் கேட்பது அப்படித்தான்.

மூன்றாவது, நடுப்பகுதி. வரைபடத்தில் பள்ளம் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் நீங்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பீர்கள், அதை வெட்டுங்கள். மேடு இருக்கும் இடம் நல்லது என்று விட்டுவிடாமல் அதையும் கவனியுங்கள்: அங்கே பலர் பின்னால் ஓட்டித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். சமையல் காணொளியில் அது அளவுகளை வேகமாகச் சொன்ன இடமாகவும், போட்டித் தேர்வுக் காணொளியில் அட்டவணை சட்டென மறைந்த இடமாகவும் இருக்கும். அந்த அளவுகளை விவரக் குறிப்பில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை திரையிலும் காட்டுங்கள்.

எட்டு நிமிடம் தாண்டினால்தான் நடுவில் விளம்பரம் போடலாம் என்று எங்கோ கேட்டுவிட்டு, ஐந்து நிமிடப் பொருளை இழுத்து எட்டரையாக்கும் சேனல்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விதி விளம்பர வருமானம் பெறத் தொடங்கியவர்களுக்கானது. முந்நூறு சந்தாதாரர் உள்ள சேனல் அதற்காக நீட்டுவதில் நட்டம் மட்டுமே.

அறிகுறி 4: முழுவதும் பார்க்கிறார்கள், சந்தாதாரராவதில்லை

பார்த்தவர் சேராமல் போவதற்கு எளிய காரணம், அடுத்து எங்கே போவது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. எண்ட் ஸ்கிரீன் காணொளியின் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் வரும். அந்த நேரத்தில் நீங்கள் "நன்றி, வணக்கம்" சொல்லி முடித்துவிட்டிருந்தால் பார்ப்பவர் கை ஏற்கெனவே வேறு பக்கம் போயிருக்கும். கடைசி வாக்கியத்தை, அடுத்த காணொளியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வாக்கியமாக்கி, அதைச் சொல்லும்போதே அந்தக் காணொளி திரையில் தோன்றும்படி வையுங்கள். கருத்துப் பெட்டியின் மேலே பின் செய்து வைக்கும் குறிப்பிலும் அதே இணைப்பைக் கொடுங்கள்.

பிறகு உங்கள் சேனலின் முகப்பை மறைநிலைச் சாளரத்தில் திறந்து, முன்பின் அறியாதவராகப் பாருங்கள். சந்தா சேராதவர்களுக்கென்று தனியாக ஒரு அறிமுகக் காணொளி வைக்க முடியும். சிறிய சேனல்களில் இந்த இடம் காலியாகவே கிடக்கும். மேலே உள்ள பட்டையில் பூக்கள், மின்னும் எழுத்துகள் எல்லாம் இருந்து, என்ன கிடைக்கும், எந்த நாளில் கிடைக்கும் என்பது மட்டும் இல்லாமல் இருக்கிறதா? "ஞாயிறுதோறும் ஒரு செட்டிநாட்டுச் சமையல்" என்ற ஒரு வரி அத்தனை பூக்களையும்விட வேலை செய்யும். பிளேலிஸ்ட்டுகளைப் பொருள்வாரியாகப் பிரித்து முகப்பில் அடுக்குவதும் ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

இதற்கும் மசியாவிட்டால் காரணம் ஆழமானது. உங்கள் காணொளி ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது. விடை கிடைத்ததும் வந்தவருக்கு உங்களிடம் வேலை முடிந்துவிடுகிறது. தேடி வருபவர்கள் விடைக்காக வருகிறார்கள், திரும்பி வருபவர்கள் ஆளுக்காகவோ தொடருக்காகவோ வருகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைக் கடந்த பிறகு, வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைக்கும் சேனல்கள் நிறைய முளைத்தன. அண்டாவையும் வயலையும் எடுத்துக்கொண்டவர்கள், அங்கே தாத்தாவும் பேரன்களுமாக ஒரே குழு ஒவ்வொரு முறையும் ஒரே உற்சாகத்தோடு வந்து நிற்பதுதான் மக்களைத் திரும்ப அழைக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. உங்களிடம் அண்டா வேண்டியதில்லை. ஒரே ஆள், ஒரே இடம், ஒரே வரிசையில் தொடரும் ஒரு பொருள் இருந்தால் போதும்: விதைத்த நாள் முதல் அறுவடை வரை ஒரு கால் ஏக்கர் நிலக்கடலையை வாரம் ஒரு முறை காட்டும் சேனலுக்கு, அடுத்த வாரம் வருவதற்கான காரணத்தைப் பயிரே கொடுத்துவிடும். விளைச்சல் போல் இதற்கும் ஒரு பருவ காலம் பொறுக்க வேண்டும்.

அனலிட்டிக்ஸின் ஆடியன்ஸ் பகுதியில் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்ப வருபவர்களும் தனித்தனியாகக் காட்டப்படுவார்கள். சந்தாதாரர் எண்ணிக்கையைவிட திரும்பத் திரும்ப வருபவர்களின் ஏற்றமே நம்பத் தகுந்த அறிகுறி.

அறிகுறி 5: ஷார்ட்ஸ் லட்சக்கணக்கில் ஓடுகிறது, நீண்ட காணொளிக்கு ஆளில்லை

முதலில் எண்ணை இறக்கிப் புரிந்துகொள்ளுங்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், ஒரு பார்வை என்று கணக்கிடப்படுகிறது. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அதில் அடக்கம். எங்கேஜ்டு வியூஸ் என்று ஸ்டூடியோவில் தனியாகக் காட்டப்படுவதுதான் பழைய கணக்குக்கு நெருக்கமானது. ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம், வருமானத் தகுதிக்கான 4,000 மணி நேரக் கணக்கிலும் சேராது. அதற்கு 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை என்ற தனி வாசல் இருக்கிறது.

எளிய திருத்தம்: ஒவ்வொரு ஷார்ட்ஸிலும் ரிலேட்டட் வீடியோ என்ற இடத்தில் உங்கள் நீண்ட காணொளியை இணையுங்கள். கருத்திலும் விவரக் குறிப்பிலும் ஒட்டும் இணைப்புகள் ஷார்ட்ஸில் 2023 ஆகஸ்ட் முதல் அழுத்தினால் திறப்பதில்லை என்பதை இன்னும் பலர் அறியவில்லை. அடுத்தது, ஷார்ட்ஸும் நீண்ட காணொளியும் ஒரே பொருளா என்று பாருங்கள். வீட்டுப் பூனையின் சேட்டைக்காகச் சேர்ந்தவருக்கு ஆட்சித் தமிழ் பாடத்தில் அக்கறை இருக்காது. இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுபவருக்கும் இதே விதிதான். கூடுதலாக, வேறு செயலியின் முத்திரை பதிந்த காணொளியை அங்கே அப்படியே ஏற்றினால் பரிந்துரையில் பின்தள்ளப்படும்.

அறிகுறி 6: சந்தாதாரர் எண்ணிக்கை குறைகிறது, அல்லது இருந்தும் பார்வை இல்லை

வெளியில் தெரியும் எண்ணிக்கை சுருக்கப்பட்ட எண். ஆயிரத்துக்கு மேல் போனால் முதல் மூன்று இலக்கம்தான் தெரியும் என்பதால், உண்மையான ஏற்ற இறக்கத்தை ஸ்டூடியோவில் மட்டும் பாருங்கள். மூடப்பட்ட கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது நீக்கும். ஒரே நாளில் சிறிய கொத்தாகக் குறைந்தால் பெரும்பாலும் அதுதான். செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஒரே நாளில் இரண்டு மூன்று காணொளி போடும் பழக்கம் இருந்தால் அறிவிப்பையும் எண்ணிப் பாருங்கள். பெல் அழுத்தியவருக்கும் ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் மூன்று அறிவிப்புக்கு மேல் போகாது.

பெரிய காரணம் வேறு. "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சேர்ந்து வாங்கிய சந்தாதாரர்கள் யாரும் உங்கள் காணொளியைப் பார்க்கப் போவதில்லை. யூடியூபின் போலி ஈடுபாட்டு விதி இதைத் தடை செய்கிறது. எண்ணிக்கை வெட்டப்படுவதோடு சேனலுக்கே ஆபத்து வரலாம். குழுவிலிருந்து விலகி, காலம் அந்த எண்ணைக் கரைக்க விடுங்கள். மொத்தச் சந்தாதாரரில் பாதிக்கு மேல் இப்படி வந்தவர்கள் என்றால், நல்ல காணொளிகளோடு புதிய சேனல் தொடங்குவதே குறைந்த உழைப்பு என்பது என் கணிப்பு. முதல் ஆயிரத்தை இப்படிச் சேர்த்த பெருமையை விட மனம் வராமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பவர்களே அதிகம்.

அறிகுறி 7: நேற்று வரை ஓடியது, திடீரென நின்றுவிட்டது

சென்ற 28 நாளோடு ஒப்பிடுவதை விட்டு, சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பலகாரச் சேனல் தீபாவளி முடிந்ததும், அரசுத் தேர்வுச் சேனல் தேர்வு நாள் கடந்ததும், அம்மன் கோயில் சேனல் ஆடி கழிந்ததும் படுத்துவிடுவது பருவம்தான். அடுத்த பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே காணொளி ஏறியிருக்கட்டும்.

பருவம் காரணமில்லையென்றால், டிராஃபிக் சோர்ஸ் பட்டியலில் எது வீழ்ந்தது என்று பாருங்கள். தேடல் அப்படியே இருந்து, பரிந்துரை மட்டும் வீழ்ந்தால், உங்களைத் தூக்கிச் சுமந்த ஒரே ஒரு பழைய காணொளி ஓய்ந்திருக்கிறது என்று பொருள். எல்லாம் ஒரே நாளில் வீழ்ந்திருந்தால் சேனலின் மேல் எச்சரிக்கையோ ஸ்டிரைக்கோ (விதிமீறலுக்கு யூடியூப் பதியும் தண்டனைக் குறி) இருக்கிறதா என்று ஸ்டூடியோவின் டாஷ்போர்டைப் பாருங்கள். இருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

இனி நீங்களாகச் செய்யக் கூடாத இடங்கள்

"மாதம் இவ்வளவு கொடுத்தால் பத்தாயிரம் சந்தாதாரர்" என்று பேசுபவர் எந்த அறிகுறிக்கும் நிபுணர் ஆக மாட்டார். அவர் விற்பது ஆறாவது அறிகுறியை. வெளி ஆளின் உதவி உண்மையில் தேவைப்படும் சூழல்கள் இரண்டுதான்.

முதலாவது காப்புரிமை. கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது பிறருடைய பாடல் இருப்பதைத் தானியங்கி முறை கண்டறிந்து எழுப்பும் உரிமைக் கோரல், ஸ்டிரைக் ஆகாது. பாடலை நீக்கினாலோ மாற்றினாலோ பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஸ்டிரைக் வேறு. 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போகலாம். முதல் ஸ்டிரைக் என்றால் காப்பிரைட் ஸ்கூல் என்ற சிறிய பாடத்தை முடித்து 90 நாள் காத்திருக்கலாம், அல்லது உரிமையாளருக்கு மரியாதையாக எழுதி விலக்கிக்கொள்ளக் கேட்கலாம். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எதிர் அறிவிப்பு அனுப்ப நினைத்தால் அங்கே நிறுத்துங்கள். அது சட்டப்படியான ஆவணம். உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும், அவர் வழக்குத் தொடர்ந்ததற்கு ஆதாரம் காட்ட 10 வேலை நாள் கிடைக்கும். அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். இந்த வழிமுறை முழுவதிலும் பணம் செலவழிக்க நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

இரண்டாவது, சேனல் களவு போவது. விளம்பர ஒப்பந்தம் என்று மின்னஞ்சல் வரும். ஒப்பந்தப் படிவம் என்று கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு இணைந்திருக்கும். கணினியில் திறந்ததும் உலாவியில் நீங்கள் நுழைந்திருக்கும் அமர்வையே திருடிவிடும். அமர்வே போவதால் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் காப்பாற்றாமல் போகலாம். சேனல் பெயர் மாறி, கிரிப்டோ நேரலை ஓடத் தொடங்கினால், வேறொரு சாதனத்திலிருந்து கூகுள் கணக்கு மீட்புப் பக்கத்துக்குச் செல்லுங்கள். எக்ஸ் தளத்தில் டீம் யூடியூப் கணக்குக்கு எழுதுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். "மீட்டுத் தருகிறேன்" என்று எக்ஸ் பதிவுக்குக் கீழே வந்து நிற்பவர்களிடம் எந்த விவரமும் கொடுக்காதீர்கள். கணக்கு திரும்பிய பிறகு, பாதிக்கப்பட்ட கணினியை முழுமையாக அழித்து மீண்டும் நிறுவும் வரை அதில் நுழைய வேண்டாம். ஸ்டூடியோவின் பெர்மிஷன்ஸ் பகுதியில் முகம் தெரியாத மேலாளர் யாரும் மிச்சம் இருந்தால் நீக்குங்கள். களவு போன நாட்களில் அழிக்கப்பட்ட காணொளிகளைத் திருப்பித் தரும்படி யூடியூப் உதவிப் பிரிவிடம் அந்த வாரத்திலேயே கேளுங்கள்.